மொட்டைத் தலையில் சந்தனம் இல்லை

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு 36 வயது. தெற்கே ஒரு சிற்றூரில், பத்திர எழுத்தர் ஒருவரிடம் பதினோரு வருடமாக டைப்பிஸ்டாக இருக்கிறேன். மர்ம நாவல் கையில் இருந்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இரண்டு வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 310 பக்கத்தில் ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டேன். கதை லண்டனில் நடக்கிறது. துப்பறிபவர் ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர். மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டு இடங்களிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது இடத்தில் 45,000 ரூபாய் கட்டினால் போடுகிறோம் என்கிறார்கள். கட்டலாமா? இதற்கெல்லாம் சென்னையில் இருந்தால்தான் ஆகுமா? நான் கொலையைப் பார்த்ததில்லை, போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. பெரிய எழுத்தாளர்களுக்கு மட்டும் கதை எங்கிருந்து கிடைக்கிறது? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

பி.கு: எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். போன வருடம் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். அப்பா தன் சார்பில் செயல்பட எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து அப்பாவின் வயலைக் கிரயம் பண்ண வேண்டும் என்றார். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டர் கொடுத்த சான்றும் வைத்திருந்தார். பேப்பர் எல்லாம் சரி. ஆள் மட்டும் புது மொட்டை. கேட்டதற்கு, பழனியில் நேர்த்திக்கடன், இன்று காலைதான் வந்து இறங்கினேன் என்றார். தலையில் சந்தனம் இல்லை. மீசையும் இல்லை. எங்கள் முதலாளி சான்றை இரண்டு தரம் பார்த்தார். புதுசாக ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த ஆள் அப்புறம் வரவே இல்லை. இந்த மாதிரிச் சப்பை விஷயத்தை வைத்து என்ன எழுதுவது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று அத்தியாயங்களையும் டீ குடித்துக்கொண்டே படித்தேன். பின்குறிப்புக்கு வந்தபோது டீயை மறந்துவிட்டேன். அது ஆறி ஆடை கட்டிய பிறகுதான் கவனித்தேன். முப்பது வருடமாக மர்மக் கதைகளைத் திருத்துகிறவன் நான். டீயை ஆறவைத்த பக்கங்கள் ரொம்பக் குறைவு.

முதலில் லண்டனை முடித்துவிடுவோம். உங்கள் இன்ஸ்பெக்டர் தேம்ஸ் கரையில் பிணத்தைப் பார்த்தவுடன் பஞ்சநாமா, அதாவது சாட்சிகளை வைத்து எழுதுகிற அறிக்கை, எழுதச் சொல்கிறார். லண்டனில் பஞ்சநாமா கிடையாது. இரண்டாவது அத்தியாயத்தில் பிரபு வீட்டுச் சமையல்காரி, சீமாட்டியிடம் 'அம்மா, சொன்னா நம்ப மாட்டீங்க' என்று ஆரம்பிக்கிறாள். அந்த ஒரு வரியில்தான் மூன்று அத்தியாயத்திலும் உயிர் இருக்கிறது. ஏனென்றால் அவள் லண்டன்காரி இல்லை, உங்கள் தெருக்காரி.

இந்த மயக்கம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. தமிழில் துப்பறியும் நாவல் தொடங்கியபோதே வந்துவிட்டது. நூறு வருடத்துக்கு முன்பு ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தமிழுக்குத் தழுவிக் கொடுத்தார், சனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படித்தார்கள். மர்மம் என்றால் பனிமூட்டம், மாளிகை, நீளக் கோட்டு என்று நம் மனசில் அப்போதே பதிந்துவிட்டது. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வழி போட்டார், நாம்தான் அதைவிட்டு இறங்காமல் நிற்கிறோம்.

கதை எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நாவல் முழுக்க இங்கிலாந்தின் மர்ம எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் வாசனை அடிப்பதால் அவரையே எடுத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து மாளிகையை எடுத்துக்கொண்டு, எடுக்க வேண்டியதை விட்டுவிட்டீர்கள்.

முதல் துப்பறியும் நாவலை எழுத உட்கார்ந்தபோது அவரும் கொலையைப் பார்த்தவர் இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்க்கீ என்ற கடலோர ஊர். 1914-இல் முதல் உலகப் போர் வந்ததும் உள்ளூர் டவுன்ஹாலை ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். அதில் தொண்டூழிய நர்ஸாகச் சேர்ந்து, பிறகு அங்கேயே மருந்து கலக்கும் பிரிவுக்குப் போனார். நாலு பக்கமும் அலமாரி, அதில் பாதி விஷம். சில நாள் வேலை நெட்டித்தள்ளும், சில நாள் மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மா நேரத்தில்தான் துப்பறியும் கதை எழுதலாமே என்று தோன்றியது. சுற்றிலும் விஷப் புட்டிகள் இருந்ததால், விஷத்தால் கொலை என்பது தானாக வந்தது என்று அவரே தன் சுயசரிதையில் சொல்கிறார். இதற்கெல்லாம் சில வருடம் முன்பே அக்கா மாட்ஜ், 'உன்னால் துப்பறியும் கதை எழுத முடியாது' என்று சவால் விட்டிருந்தார். வீட்டில் கேலி செய்கிற ஆள் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அந்தச் சுயசரிதையில் ஒரு சம்பவம் இருக்கிறது. மர்மம் எழுத வருகிற எல்லோருக்கும் நான் அதைத்தான் சொல்வேன். மருந்தாளர் தேர்வுக்குத் தயார் செய்துகொள்ள, ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவரிடம் அவர் பாடம் கேட்டார். பெரிய கைகாரர் என்று பேர் வாங்கியவர். ஒருநாள் அவர் ஒரு மருந்தைத் தயார்செய்து காட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற இந்தப் பெண், கணக்கில் புள்ளி ஒரு இடம் தள்ளி விழுந்திருப்பதைக் கவனித்துவிட்டார். அதாவது, சேர வேண்டியதைப்போலப் பத்து மடங்கு சேர்ந்துவிட்டது. 'ஐயா, தப்பு' என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் அவர் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. என்ன செய்வது? கால் இடறியதுபோலப் போய் மருந்துப் பலகையில் மோதி எல்லாவற்றையும் தரையில் கொட்டி, காலால் அழுத்தி மிதித்தும்விட்டார். அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அதே மனிதர் இன்னொரு நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் காட்டினார். கியூராரே. தென் அமெரிக்காவில் அம்பு முனையில் தடவுகிற விஷம். எதற்கு இதைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறீர்கள் என்று கேட்டதற்கு, வைத்திருந்தால் தனக்குப் பலம் இருப்பதுபோல் தோன்றுகிறது என்றார். கிறிஸ்டி அவரை மறக்கவில்லை. 1961-இல் வெளிவந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலுக்கு விதை அந்த மனிதர்தான். நாற்பது வருடத்துக்கு மேல் பையிலேயே வைத்திருந்து எடுத்திருக்கிறார். (அந்த நாவலில் தாலியம் விஷத்தின் அறிகுறிகளை அவ்வளவு சரியாக எழுதியிருந்தார். 1977-இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், என்ன நோய் என்று தெரியாமல் மோசமாகிக்கொண்டே போன ஒரு குழந்தையைப் பார்த்து, இது தாலியமாக இருக்கலாம் என்று சொன்னது அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ். குழந்தை பிழைத்துக்கொண்டது.)

கொலையாளியைப் பார்த்தால்தான் மர்மம் எழுத வரும் என்று நினைக்கிறீர்கள். கிறிஸ்டி பார்த்தது என்ன? எல்லோரும் நம்பி நடத்துகிற ஒரு சாதாரண வேலை. அதில் ஒரு புள்ளி தள்ளி விழ இடம் இருக்கிறது. தான் தப்பே செய்யமாட்டேன் என்று நினைக்கிற ஒரு ஆள் அதைச் செய்கிறார். கவனித்துவிட்டும் வாய் திறக்க முடியாத ஒரு சின்னப் பெண் பக்கத்தில் நிற்கிறாள். இனி உங்கள் பின்குறிப்பைத் திரும்பப் படியுங்கள். அங்கே மருந்து அளவு, இங்கே உயிர்ச்சான்று. அங்கே தப்பு, இங்கே அனேகமாகப் பொய். கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து மொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் யார்?

வெளிவந்த முதல் நாவலான 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' நூலில் கொலை நடக்கிற விதமும் மருந்து மேசையிலிருந்தே வந்தது. படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஸ்ட்ரிக்னின் கலந்த டானிக் ஒன்று, அளவாகக் குடித்தால் ஒன்றும் செய்யாது. அதில் புரோமைடு தூளைப் போட்டால் விஷம் பிரிந்து அடியில் படிந்துவிடும். கடைசி வேளையில் மொத்தமும் வாய்க்குள் போகும். எந்த மருந்தோடு எதைக் கலக்கக் கூடாது என்று மருந்தாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற சாதாரணப் பாடம் அது. புத்தகம் வந்தபோது மருந்தாளர்களின் தொழில் இதழ், விஷத்தை விஷயம் தெரிந்து கையாண்டிருக்கிறார் என்று பாராட்டியது. அந்த மதிப்புரை தனக்குக் கொடுத்த சந்தோஷத்தை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே புத்தகத்தில் அவர் சறுக்கிய இடமும் உண்டு. துப்பறிபவர் புவாரோ கடைசியில் மர்மத்தை விடுவிப்பதை, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதாக எழுதியிருந்தார். பதிப்பாளர் ஜான் லேன், கோர்ட்டில் இப்படியெல்லாம் நடக்காது, மாற்றுங்கள் என்றார். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவதாகத் திருப்பி எழுதினார். மருந்துப் பகுதியில் தொழில்காரர்களே குறை காண முடியவில்லை, தெரியாத கோர்ட்டுக்குப் போனதும் கால் வழுக்கிவிட்டது. உங்கள் தேம்ஸ் கரையும் அந்தக் கோர்ட்டு மாதிரிதான்.

துப்பறிபவரும் பக்கத்துத் தெருவிலிருந்தே வந்தார். ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது அகதிகள் டார்க்கீ வரைக்கும் வந்து தங்கியிருந்தார்கள். ஓய்வுபெற்ற பெல்ஜிய போலீஸ்காரர் ஒருவரை வைத்தால் என்ன என்று நினைத்தார், புவாரோ பிறந்தார். ஊரில் அகதிகள் வந்திருந்தது எல்லோருக்கும்தான் தெரியும். உங்கள் ஆபீஸ் வாசலில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஜெராக்ஸ் கடைக்காரர், முத்திரைத்தாள் விற்பவர், ஆள் தெரியாதவர்களுக்குக்கூட அடையாள சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கு நிற்கிறவர். ரிட்டயர்டு சர்வேயர் ஒருவர் நிச்சயம் இருப்பார். செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நாலு எல்லையை, கேட்டவுடன் 'அந்த வயலுக்கு மேற்கே வாய்க்கால் கிடையாதே' என்று சொல்கிற ரகம். எனக்கு உங்கள் ஸ்காட்லாந்து யார்டைவிட அவரைப் பார்க்கத்தான் ஆசை.

ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. செய்தித்தாளும் கொடுக்கும். 1932-இல் அமெரிக்காவில் விமானி லிண்ட்பர்கின் குழந்தையைக் கடத்திக் கொன்றார்கள். அதற்கு முந்தைய வருடக் கடைசியில் கிறிஸ்டி வந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் வெள்ளத்தில் மாட்டி நின்றது. இரண்டும் சேர்ந்து 1934-இல் ஒரு நாவல் ஆனது. ஆனால் அந்த ரயிலில் அவர் உட்கார்ந்திருந்தார் என்பதை மறக்காதீர்கள்.

இனி உங்கள் மொட்டைக்காரர். சந்தனம் இல்லாமல் மீசையும் போன மொட்டை என்றால், அப்பாவுக்குக் காரியம் செய்த மொட்டையோ என்று சந்தேகம் வரத்தானே செய்யும்? ஒப்பந்தச் சட்டம், 1872, என்ன சொல்கிறது என்பது உங்கள் முதலாளிக்கு மனப்பாடமாக இருக்கும். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக பவரும் அத்தோடு முடிந்தது. ஆனால் மூன்றாம் மனிதரைப் பொறுத்தவரை, அந்த விஷயம் அவருக்குத் தெரியவரும்போதுதான் அது முடிகிறது. இதைவிட மர்ம எழுத்தாளருக்கு வேறு என்ன வேண்டும்? கிழவர் எப்போது இறந்தார் என்பது ஒரு கேள்வி. யாருக்கு எப்போது தெரியும் என்பது இன்னொரு கேள்வி. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வயல், உயில் இல்லை என்றால் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு உண்டு. சாவு வெளியே தெரிவதற்குள் பவரில் கிரயம் முடிந்தால் பணம் ஒருத்தன் கைக்குப் போகும். நாலு நாள் போதும். வெளியூர் ஆஸ்பத்திரியில் சாவு, அங்கேயே தகனம், அக்காவுக்குப் போன் போகவில்லை. சட்ட நுணுக்கத்தை ஒரு வக்கீலிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இயற்கைச் சாவா, இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கொலையே இல்லாமல்கூட இதில் 200 பக்கம் ஓடும்.

க்ளூவை எப்படி வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் லண்டன் நடையில் நீங்கள் இப்படி எழுதுவீர்கள்: 'அவன் தலையில் சந்தனம் பூசப்படாமல் இருந்ததை அவள் கூர்ந்து கவனித்தாள். அவள் மனதில் ஒரு பொறி தட்டியது.' இப்படி எழுதினால் வாசகருக்கு வேலையே இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏறக்குறைய இப்படி முயல்வேன்:

'கரண்ட் போய் ஃபேன் நின்றது. புது மொட்டையில் வேர்வை முத்து முத்தாகப் பூத்து, நெற்றி வழியாக மேலுதட்டுக்கு வந்து தடையில்லாமல் வாய்க்குள் போனது. துண்டால் ஒற்றிக்கொண்டார். வெள்ளைத் துண்டு, வெள்ளையாகவே இருந்தது. "பழனி வெயில்கூட பரவால்லம்மா. காலைல அங்கேர்ந்து வந்து எறங்கினேன், இங்கதான் தாங்கல." பத்திரத்தில் நான்காவது பக்கம் பாதியில் நின்றிருந்தது. யுபிஎஸ் இன்னும் ஐந்து நிமிடம் தாங்கும். முதலாளி சேவ் பண்ணு, சேவ் பண்ணு என்று கத்தினார்.'

சந்தனம் என்ற சொல்லே வரவில்லை. மீசை என்ற சொல்லும் வரவில்லை. யுபிஎஸ் அணைந்துவிடுமோ என்று வாசகர் பதறுகிற நேரத்தில் துண்டு அவர் கண்ணில் பட்டுப் போய்விடுகிறது. நூறு பக்கம் கழித்து உங்கள் டைப்பிஸ்ட், பழனியிலிருந்து வந்தவரின் துண்டு மஞ்சளாக இருந்திருக்க வேண்டாமா என்று கேட்கும்போது, வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். பார்த்தால் அது அங்கே இருக்க வேண்டும். கிறிஸ்டியின் நேர்மை அதுதான், எல்லாவற்றையும் முன்னால் வைத்துவிடுவார். இன்னொன்று, பழனியில் மீசையையும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, சந்தனம் வேண்டாம் என்பவர்களும் உண்டு. அதனால் இது வெறும் சந்தேகம்தான், சாட்சியம் ஆகாது. உங்கள் கதைக்கு அதுவே நல்லது. நிரூபிக்க அவள் இன்னும் 150 பக்கம் அலைய வேண்டும்.

நிஜ ஆளின் பெயர், ஊர், சர்வே எண் எதையும் தொடாதீர்கள். வயலைத் தோப்பாக்குங்கள், மாவட்டத்தை மாற்றுங்கள். உங்கள் முதலாளி வாடிக்கையாளர்களுக்குக் காட்டுகிற விசுவாசத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. அப்புறம், கதையில் போலீஸ் வந்தால் பழைய நாவல்களைப் பார்த்து 302 என்று எழுதிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். கொலைக்குத் தண்டனை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவு. பழைய காலத்துக் கதை என்றால் 302 இருக்கட்டும்.

சென்னைக்கு வர வேண்டுமா? வேண்டாம். ராஜேஷ்குமார் கோயம்புத்தூரில் இருந்துகொண்டே ஆயிரத்து ஐநூறுக்கு மேல் நாவல்கள் எழுதியவர். சுஜாதா கணேஷையும் வசந்தையும் வளர்த்ததெல்லாம் பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியர் வேலைக்கு நடுவில். வயதைப் பற்றியும் கவலை வேண்டாம். பிரிட்டனின் மர்ம நாவலாசிரியை பி.டி.ஜேம்ஸ் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் வேலை பார்த்தார். உடம்பு சரியில்லாத கணவர், இரண்டு பெண் குழந்தைகள். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் எழுதினார். முதல் நாவல் வெளிவந்தது 1962-இல், அவருடைய 42-ஆவது வயதில். உங்களுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

இனி பதிப்பகம். கிறிஸ்டி அந்த முதல் நாவலை 1916-இல் எழுதினார். பாதியில் நின்றுபோனபோது அம்மாவின் யோசனைப்படி டார்ட்மூர் மேட்டில் ஒரு ஓட்டலில் இரண்டு வாரம் தங்கி, காலையில் எழுதி, மத்தியானம் காட்டுவெளியில் தனியாக நடந்து, கதாபாத்திரங்களின் வசனத்தைத் தானே சத்தமாகப் பேசிப் பார்த்து முடித்தார். பிறகு அனுப்பினார். ஹாடர் அண்ட் ஸ்டாட்டன் திருப்பி அனுப்பியது, மெத்யூனும் திருப்பி அனுப்பியது. பாட்லி ஹெட் பதில் சொல்லாமலேயே வைத்திருந்தது. போர் முடிந்து, 1919-இல், கிட்டத்தட்ட அவரே மறந்துபோன சமயத்தில் அதன் பதிப்பாளர் ஜான் லேனிடமிருந்து கடிதம் வந்தது. புத்தகம் 1920-இல் அமெரிக்காவிலும் 1921 ஜனவரியில் பிரிட்டனிலும் வெளிவந்தது. எழுதி ஐந்து வருடம்.

உங்கள் இரண்டு பதிப்பகங்களின் மௌனத்துக்கு நானும் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியவன். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் என் மேசைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியில் ஒரு கையெழுத்துப் பிரதி எட்டு மாதம் கிடந்தது. பெட்டியின் மேல் நான் தினமும் கால் வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் மழை ஒழுகியதால் பெட்டியை நகர்த்தினேன், அப்படித்தான் அது கைக்கு வந்தது. மூன்று மாதம் பொறுத்து ஒரு போன் செய்யுங்கள், தப்பே இல்லை. பிடிக்கவில்லை என்பதால் மட்டும் மௌனம் வருவதில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்கு முன் மூன்று மாதம் எல்லாப் பதிப்பகமும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். அப்போது புதுப் பிரதி அனுப்பினால் யாரும் பிரிக்கமாட்டார்கள். பிப்ரவரிக்குப் பிறகு அனுப்புங்கள்.

உங்கள் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. கதைச் சுருக்கத்தின் கடைசி வரியில், 'கொலையாளி யார் என்பதை நாவலில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். அது பின்அட்டையில் போட வேண்டிய வரி. ஆசிரியரிடம் முடிச்சு எப்படி அவிழ்கிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரே பக்கம் போதும். யார், ஏன், எப்படி, எதனால் மாட்டினார் என்று எழுதுங்கள். நாங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்துக்கே போவோம். பிரதி யூனிகோடில் இருக்கட்டும்.

45,000 ரூபாய் விஷயம். எழுதியவருக்குப் பணம் வந்தால் அது பதிப்பு. எழுதியவரிடமிருந்து பணம் போனால் அதற்கு அச்சடிப்பது என்று பெயர். சொந்தச் செலவில் அச்சடிப்பது கேவலமான காரியம் இல்லை, தமிழில் நல்ல புத்தகங்கள் அப்படியும் வந்திருக்கின்றன. ஆனால் அதைப் பதிப்பு என்று சொல்லி விற்கிறவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். எத்தனை பிரதி? அவை எங்கே இருக்கும், என் வீட்டுப் பரணிலா, உங்கள் குடோனிலா? மெய்ப்பு பார்ப்பது யார்? விற்றால் எனக்கு எவ்வளவு, எப்போது? ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனியாகக் காசு என்றால் சிரித்துவிட்டு எழுந்திருங்கள், இந்தியாவில் அதை அரசு ஏஜென்சி இலவசமாகவே கொடுக்கிறது. என்னைக் கேட்டால் கட்டாதீர்கள். உங்கள் கையில் இருப்பது இன்னும் முடியாத நாவல்.

நல்ல பதிப்பகம் கிடைத்தாலும் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஊருக்கெல்லாம் பத்திரம் அடித்துக்கொடுக்கிற உங்களிடம் இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் முதல் புத்தகம் வெளிவரப் போகிறது என்ற சந்தோஷத்தில் கண் தெரியாது. கிறிஸ்டிக்கும் அப்படித்தான். முதல் 2,000 பிரதிக்கு ராயல்டி கிடையாது, அதற்கு மேல் 10 சதவீதம், அடுத்த ஐந்து நாவலையும் தங்களிடமே கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்ததில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் புத்தகத்தில் அவர் பார்த்த காசு 25 பவுண்டு. அதுவும் ராயல்டி இல்லை, டைம்ஸ் வாரப் பதிப்பில் தொடராக வந்ததில் அவர் பங்கு. பின்னால் விவரம் புரிந்து, ஏஜெண்டு வைத்துக்கொண்டு, கணக்குக்கு நாவலைக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, 1926-இல் காலின்ஸுக்கு மாறினார்.

நம் சட்டத்தில் எழுத்தாளருக்குச் சில காவல் உண்டு. பதிப்புரிமையை எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று சொல்லவில்லை என்றால், அது ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்தெந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். அதனால்தான் சிலர் 'எக்காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்' என்று கிரயப் பத்திரம் மாதிரி எழுதிக்கொண்டு வருவார்கள். உங்கள் பத்திர பாஷையில் சொன்னால், நீங்கள் கொடுப்பது குத்தகையா, கிரயமா என்று பாருங்கள். மின்னூல், ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனிச் சர்வே எண். மொத்தமாக எழுதிக்கொடுக்காதீர்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றன. கிண்டிலில் தமிழ் நூலை நீங்களே ஏற்றலாம், காசு கட்ட வேண்டியதில்லை. பிரதிலிபி என்ற இணையதளத்தில் தொடராக எழுதிப் பார்க்கலாம். எந்த அத்தியாயத்தில் வாசகர்கள் கழன்றுகொள்கிறார்கள் என்பது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். நான் உங்களுக்குச் சொல்வது, முதலில் இந்த மொட்டை விஷயத்தை ஆறு பக்கச் சிறுகதையாக எழுதி ஒரு வார இதழுக்கு அனுப்புங்கள். நின்றால் நாவலாக்குங்கள்.

லண்டன் நாவலைக் கிழித்துப்போட வேண்டாம், பரணில் இருக்கட்டும். கிறிஸ்டியும் முதலில் கெய்ரோவில் நடக்கிற ஒரு நாவல் எழுதினார், யாரும் போடவில்லை. பக்கத்து வீட்டு எழுத்தாளர் ஈடன் ஃபில்பாட்ஸ் படித்துப் பார்த்து, உபதேசங்களை வெட்டச் சொன்னார். தன்னுடைய ஏஜெண்டுக்கும் சிபாரிசு செய்தார், அவரும் வேண்டாம் என்றுவிட்டார். அந்த 310 பக்கத்தில் உங்கள் கை பழகியிருக்கிறது, சமையல்காரி பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒரு நோட்டும் வாங்குங்கள். கிறிஸ்டியின் நோட்டுகள் 73 கிடைத்திருக்கின்றன, பிற்பாடு ஜான் கர்ரன் என்பவர் அவற்றைப் படித்து விளக்கிப் புத்தகமாகவே போட்டார். ஒழுங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பக்கத்தில் யாருக்கு விஷம் வைப்பது என்று யோசனை, அடுத்த பக்கத்தில் சீட்டாட்டப் புள்ளிக்கணக்கு. உங்களுடையதில் கொலைக்குப் பக்கத்தில் பால் கணக்கு இருந்தால் பரவாயில்லை. ஆபீசில் 'இது கொஞ்சம் இடிக்குதே' என்று தோன்றுகிறதை எல்லாம் அன்றைக்கே இரண்டு வரி எழுதிவையுங்கள். பதினோரு வருடத்தில் அப்படி ஒன்றே ஒன்றுதான் பார்த்தீர்கள் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சிறுகதையை எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும், இரண்டு நாளாக மனசில் கிடந்து உறுத்துகிறது. உங்கள் முதலாளி அந்தச் சான்றை இரண்டு தரம் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது தரம் பார்த்தது தேதியையா, டாக்டரின் கையெழுத்தையா?